கெட்டிமேளத்தில் நின்றுபோன கேமரா: திருமண வீடியோ ஏற்பாடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் உள்ள மண்டபம் ஒன்றில் என் அண்ணன் மகளின் திருமணம் நடந்தது. அண்ணன் குடும்பம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தது. மணமகன் வீட்டார் மதுரை நகருக்குள் வசிப்பவர்கள். இரு தரப்பு உறவினரும் வந்து சேர இடைப்பட்ட ஊராக இருக்கட்டும் என்று திருமங்கலத்தைத் தேர்ந்தோம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 7.30 முதல் 9.00 வரை முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்தோம். மண்டபம், சமையல், பந்தல் ஆகியவற்றோடு போட்டோ, வீடியோ ஏற்பாட்டையும் அண்ணன் என் பொறுப்பில் விட்டார். இனி எழுதப்போகும் பிழைகளில் சில என்னுடையவை என்பதால், அந்த விவரத்தை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

மூன்று ஸ்டுடியோக்களில் விலை விசாரித்தோம். முதலாமவர் 45,000 ரூபாய்க்கு ஒரு போட்டோகிராபரும் ஒரு வீடியோகிராபரும் வருவார்கள் என்றார். மூன்றாமவர் 1,40,000 கேட்டார். நடுவில் இருந்தவர் மதுரையில் ஓரளவு பெயர் பெற்றவர். மணமகள் அவருடைய வேலையை இன்ஸ்டாகிராமில் பார்த்து ஏற்கெனவே மனத்தில் தேர்ந்துவிட்டிருந்தாள். அவர் 92,000 ரூபாய்க்குத் தந்த விலைப்பட்டியலில் டிரெடிஷனல் (சடங்குகளை வரிசையாக முழுதும் எடுப்பது) போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட் (இயல்பான கணங்களைப் பொறுக்கி எடுப்பது) போட்டோ, கேண்டிட் வீடியோ என நான்கு ஆட்களும், மேடையருகே ஒரு எல்இடி திரையும், ஹெலிகேம் எனப்படும் ட்ரோன் கேமராவும், இரண்டு ஆல்பங்களும் இருந்தன.

ஹெலிகேமை நாங்களே விலக்கினோம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழில்முறையில் பறக்கவிடுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். கேட்டபோது உரிமையாளர் சான்றிதழைக் காட்டவில்லை. "கல்யாண வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள் சார்" என்றார். அதை நீக்கிய பிறகு தொகை 85,000 ஆனது. முன்பணம் 20,000, திருமண நாள் காலையில் 45,000, ஆல்பமும் வீடியோவும் கையில் கொடுக்கும்போது மீதி 20,000 என்று பேசி முடித்தோம். மூன்றாவது தவணையை முன்யோசனை எதுவும் இல்லாமல் வழக்கப்படிதான் பிரித்து வைத்தோம். பின்னாளில் எங்கள் கையில் இருந்த ஒரே பிடி அதுவாகத்தான் இருந்தது.

தேர்வு நடந்த விதம்

அன்று நாங்கள் ஸ்டுடியோவில் பார்த்தது ஐந்து நிமிட ஹைலைட்ஸ் ஒன்றை மட்டுமே. இசையோடு சேர்ந்த மெதுவோட்டக் காட்சிகள், பூ விழுவது, மணமகள் திரும்பிப் பார்ப்பது, வாழைமரத்தின் ஊடாக வரும் வெயில் என எல்லாம் அழகாக இருந்தன. ஹைலைட்ஸ் என்பது பல மணி நேரப் பதிவிலிருந்து பொறுக்கி எடுத்த ஐந்து நிமிடம். அதிலிருந்து ஒருவருடைய ரசனையை அறியலாமே தவிர, நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று எதையும் தவறவிடாமல் பதிவு செய்யும் பொறுப்பை அறிய முடியாது. முழு நீள வீடியோ ஒன்றை, அதுவும் தாலி கட்டும் பகுதியை ஒலியோடு, போட்டுக் காட்டும்படி நாங்கள் கேட்கவில்லை.

அந்த ஹைலைட்ஸை எடுத்தவர் யார் என்றும் நாங்கள் கேட்கவில்லை. அதை எடுத்தவர் உரிமையாளரே. ஆவணியில் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மதுரையைச் சுற்றியுள்ள மண்டபங்கள் எதுவும் காலியாக இருக்காது. அப்படிப்பட்ட நாளில் ஒரு ஸ்டுடியோ இரண்டு மூன்று திருமணங்களை ஏற்றுக்கொண்டு, தன் ஆட்கள் போக மீதி இடங்களுக்குத் தினக்கூலிக்கு வெளியாட்களைப் போட்டு அனுப்புவது இத்தொழிலில் வழக்கம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவார்கள். விலைப்பட்டியலில் "4 ஆட்கள்" என்று மட்டும் இருந்தது. எவர் வருவார், அங்கே யார் பொறுப்பு என்ற வரி இல்லை.

நேரமும் அப்படியே. "முதல் நாள் மாலை 6 மணி முதல், மறுநாள் மதியம் 12 மணி வரை" என்று எழுதினோம். பத்திரிகையில் வரவேற்பு 6.30 என்று இருந்ததால் அந்த நேரம் சரியாகவே தோன்றியது. உசிலம்பட்டிப் பக்கத்துத் திருமணத்தில் வரவேற்பைவிடப் பெரிதாகக் கருதப்படுவது தாய்மாமன் சீர். அதற்குப் பத்திரிகையில் நேரம் போடுவதில்லை. வேன்கள் எப்போது வந்து சேர்கின்றனவோ அதுதான் நேரம். மதுரை நகரத்து ஸ்டுடியோக்காரருக்கு நாம் சொல்லாமல் இது தெரியாது. சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

முதல் நாள் மாலை

சீர் வண்டிகள் 5.10க்கு வந்துவிட்டன. மேளதாளத்தோடு, தாம்பாளத் தட்டுகளைத் தலையிலும் கையிலும் ஏந்திய ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள், வெடி, மாலை என்று முக்கால் மணி நேரம் நடந்த அந்த ஊர்வலம் தெருமுனையிலிருந்து மண்டப வாசல் வரை வந்தபோது ஸ்டுடியோவின் வீடியோ ஆட்கள் இருவரும் வேறு வேலையில் இருந்தனர். கேண்டிட் வீடியோ எடுப்பவர் மணமகளை ஒப்பனை அறையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டிரெடிஷனல் வீடியோ இளைஞர் எல்இடி திரைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். 6 மணிக்குத்தான் வேலை என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே ஊர்வலத்தில் பதிவானது, தட்டுகளை மேடையில் அடுக்கிய கடைசி ஏழு நிமிடம் மட்டுமே.

தாய்மாமன் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டின்போது மதினியிடம், "நான் வந்ததை எடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மொய் எழுதும் மேசைக்கு, கணினியில் பதிய ஒருவர், நோட்டில் எழுத ஒருவர், பணம் வாங்க ஒருவர், சரிபார்க்க ஒருவர் என நான்கு பேரை நாங்கள் பெயர் சொல்லி நியமித்திருந்தோம். வீடியோ எடுப்பவர்களோடு நின்று, "இவர்தான் தாய்மாமன், இப்போது இது நடக்கப்போகிறது" என்று சொல்ல ஓர் ஆளைக்கூட நியமிக்கவில்லை என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உணர்ந்தேன். இரவோடு இரவாக என் மகனை அந்த வேலைக்கு நிறுத்தினேன். மறுநாள் காலையில் அவன் இருந்ததால் சில காட்சிகள் தப்பின.

முகூர்த்த வேளையில் நடந்தது

டிரெடிஷனல் கேமரா மணவறைக்கு நேர் எதிரே முக்காலியில் நின்றது. எல்இடி திரைக்கும் அதிலிருந்துதான் காட்சி போய்க்கொண்டிருந்தது. நீண்ட நேரம் ஓட வேண்டும் என்பதால், பேட்டரிக்குப் பதிலாக டம்மி பேட்டரி ஒன்றைச் செருகி, மண்டபத்து மின் இணைப்பிலேயே அதை இயக்கினார்கள். காலை 6.50க்கு இளைஞர் பதிவைத் தொடங்கினார். காப்புக் கட்டுதல், பெற்றோருக்குப் பாதபூஜை, தாரை வார்த்தல் என்று சடங்குகள் மாறிக்கொண்டிருந்தும் அவர் பதிவை இடையில் நிறுத்தவே இல்லை.

7.52க்குக் கெட்டிமேளம் முழங்கியது. அதே நிமிடத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கச் சுமார் பத்து விநாடிகள் ஆயின. நாதசுரமும் தவிலும் மின்சாரத்தை நம்பியவை அல்ல, அட்சதையும் அப்படியே. தாலி கட்டுவது ஒரு நொடியும் தடைபடவில்லை என்பதால், விளக்கு அணைந்து எரிந்ததை மண்டபத்தில் பலர் கவனிக்கவே இல்லை. நானும் பந்திப் பக்கம் இருந்தேன்.

மின்சாரம் வந்ததும் இளைஞர் கேமராவை மீண்டும் இயக்கியிருக்கிறார். திரையில் ஏதோ ஒரு செய்தி வந்திருக்கிறது. ஆசீர்வாதத்துக்குக் கூட்டம் மேடையேறிக்கொண்டிருந்த அவசரத்தில் அதைப் படிக்காமல் விலக்கிவிட்டு, அதே மெமரி கார்டில் பதிவைத் தொடர்ந்திருக்கிறார். ஏறத்தாழ 40 நிமிடம் கழித்துத்தான் கார்டை மாற்றினார்.

கேண்டிட் வீடியோ எடுத்தவரின் கேமரா சொந்தப் பேட்டரியில் இயங்கியதால் நிற்கவில்லை. அவர் மணமகளின் இடப்பக்கத்தில் இருந்து மெதுவோட்டத்தில் எடுத்த 14 விநாடிக் காட்சியில் மணமகனின் கைகள் தெரிகின்றன. மூன்றாம் முடிச்சுப் போட வந்த நாத்தனாரின் தோள் பாதியை மறைக்கிறது. மெதுவோட்டப் பதிவு ஆதலால் அதில் ஒலி இல்லை.

செய்தி தெரியவந்த விதம்

திருமணம் முடிந்து 22 நாட்கள் வரை ஸ்டுடியோவிலிருந்து பேச்சே இல்லை. திருமணப் பதிவுச் சான்றுக்குப் புகைப்படம் வேண்டும் என்று நான் அழைத்தபோதுதான், போட்டோக்கள் அனைத்தும் தயாராக இருப்பதாகவும், "வீடியோவில் ஒரு கார்டு மட்டும் கரப்ட் ஆகிவிட்டது, முகூர்த்தப் பகுதி கொஞ்சம் போயிருக்கிறது" என்றும் உரிமையாளர் சொன்னார். கொஞ்சம் என்பது 62 நிமிடம் என்பது நேரில் போன பிறகு தெரிந்தது.

அப்போது அவர் ஒரு தீர்வையும் முன்வைத்தார். மணமக்களை அதே உடையில் வரச் சொல்லுங்கள், ஒரு மண்டபத்தில் மணவறை போட்டுத் தாலி கட்டுவதுபோல் எடுத்து, பழைய காட்சிகளோடு சேர்த்துவிடலாம், வித்தியாசமே தெரியாது என்றார். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பத்தா, "கட்டின தாலி கழுத்தில் இருக்க இன்னொரு தரம் எதுக்குடா கட்டணும்?" என்று கேட்டார். அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

வீட்டில் இரண்டு கருத்துகள் இருந்தன. மணமகனின் தந்தை வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. முன்பணத்தை ஜிபேயில் அனுப்பிய பதிவு, விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவை எங்களிடம் இருந்தன. ஆகவே அந்த வழி திறந்தே இருந்தது. ஆனால் 45,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது வாங்கியிருக்கவில்லை.

நான் வேறு வரிசையில் யோசித்தேன். ஆணையம் பணத்தைத்தான் பெற்றுத் தரும். காட்சி எங்காவது மிச்சம் இருந்தால் அது அந்தக் கார்டில்தான் இருக்கும். நோட்டீஸ் போன மறுநாளே ஸ்டுடியோ தற்காப்புக்குப் போய்விடும். கார்டு எங்கள் கண்ணில் படாது. இரண்டு ஆண்டு அவகாசம் சட்டம் தருகிறது. கார்டு அவ்வளவு நாள் காத்திருக்காது, யாரோ ஒருவர் அடுத்த முகூர்த்தத்துக்கு அதை பார்மட் செய்துவிடுவார். ஆகவே முதலில் கார்டு, பிறகு மற்றவை என்று முடிவு செய்தோம்.

அன்று மாலையே உரிமையாளருக்கு எழுத்தில் மூன்று செய்திகளை அனுப்பினேன்: அந்தக் கார்டை எந்தக் கேமராவிலும் போட வேண்டாம், எந்தக் கணினியிலும் "சரிசெய்யவா" என்று கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம், மற்ற கார்டுகளிலிருந்து எடுத்த மூலப் பதிவுகளை அழிக்க வேண்டாம். மூலப் பதிவு ஸ்டுடியோவின் சொத்து என்று அவர் பதில் எழுதினார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, உட்பிரிவு (ஆ)-வின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கூலி பெற்று எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இதைப் பணிவாகவே எழுதினேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

கார்டு கிடைத்ததில் எங்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. அந்த இளைஞர் திருமண நாள் இரவே கோப்பு திறக்காததைக் கண்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, பயத்தில் அந்தக் கார்டைத் தனியே காகிதத்தில் மடித்துத் தன் பையில் வைத்திருந்தார். 22 நாள் மறைத்தவர் உரிமையாளர். அன்றே சொன்னவர் கூலிக்கு வந்த பையன். பழி முழுவதையும் அவர்மேல் போட்டு உரிமையாளர் பேசியபோது இதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

காரணத்தைக் கண்டறிதல்

"கார்டு கரப்ட்" என்ற சொல்லை நான் முதலில் அப்படியே நம்பினேன். மண்டபக் கணக்கை முடிக்கப் போன நாளில்தான் அது கலைந்தது. திருமங்கலத்து மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கில் டீசல் காசு வாங்குவார்கள். அதற்காக ஒரு நோட்டில் ஓடத் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் எழுதப்படும். எங்கள் பெயருக்கு நேரே "காலை 7.52 முதல் 8.35 வரை" என்று இருந்தது. டிரெடிஷனல் போட்டோக்களில் தாலி கட்டும் படங்கள் பதிவான நேரமும் 7.52. கார்டில் அடுத்த பதிவு தொடங்குவது 7.56. மூன்று நேரங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, கெட்டது கார்டு அல்ல, நின்றது மின்சாரம் என்பது தெளிவானது.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்தில் தரவு மீட்பு வேலை செய்யும் ஒருவரிடம் கார்டைக் கொண்டுபோனோம். அவர் விளக்கியதன் சாரம் இது. எம்பி4 என்ற வகை வீடியோ கோப்பில் காட்சியும் ஒலியும் துண்டு துண்டாக எழுதப்படுகின்றன. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பெரும்பாலான கேமராக்களில், பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் துண்டுகள் கார்டில் இருக்கும், அட்டவணை இருக்காது. பொருளடக்கமும் பக்க எண்ணும் இல்லாமல் கட்டு அவிழ்ந்த புத்தகத்தைப் போன்றது அது. சாதாரணப் பேட்டரியாக இருந்தால், தீரப்போவதை உணர்ந்து கேமராவே கோப்பை மூடிவிட்டு நிற்கும். டம்மி பேட்டரிக்கு அந்த மூச்சு கிடையாது, சுவிட்சு அணைந்த கணத்தில் கேமராவும் அணைந்துவிடும். மீண்டும் இயக்கியபோது திரையில் வந்த செய்தி, அறுந்த பதிவைச் சரிசெய்யலாமா என்று கேமரா கேட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்றார். அதை விலக்கியதால், அறுந்த கோப்பு இருந்த இடம் காலியிடமாகக் கருதப்பட்டு, பின்னர் எடுத்த 40 நிமிட ஆசீர்வாதக் காட்சி அதன் முன்பகுதியின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது.

62 நிமிடமும் ஒரே கோப்பாக இருந்ததுதான் இழப்பைப் பெரிதாக்கியது. ஒவ்வொரு சடங்கு முடிந்ததும் ஒரு முறை நிறுத்தி மீண்டும் தொடங்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பு முழுமையாக மூடப்பட்டிருக்கும். மின்தடையில் போயிருக்கக்கூடியது கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. அந்த இளைஞர் எதையும் தவறவிடக்கூடாது என்ற எண்ணத்தில்தான் நிறுத்தாமல் ஓட்டினார்.

பின்விளைவு

அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையை மறுபடி உருவாக்கும் முறையில், ஐந்து நாட்களில் 19 நிமிடங்கள் மீண்டன. காப்புக் கட்டுதலும் பாதபூஜையும் போய்விட்டன. தாரை வார்த்தல் முதல் காட்சி இருக்கிறது. ஒலி சில இடங்களில் முன்பின்னாக ஓடியதை எடிட்டர் கையால் ஒட்டவைத்தார். மாங்கல்யத்தைப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து, தட்டு மணவறைக்கு வந்து, மணமகன் தாலியைக் கையில் எடுக்கிறார். முதல் முடிச்சுக்குச் சில விநாடிகள் முன்பு காட்சி நின்றுவிடுகிறது.

அந்த இடைவெளியை நிரப்ப உறவினர்களின் செல்போன் காட்சிகளைத் திரட்டினோம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய காட்சிகள் சுருக்கப்பட்டு மங்கலாகவே வந்தன. அதையே "டாக்குமென்ட்" ஆக இணைத்து அனுப்பச் சொன்னபோது மூலத் தரத்தில் கிடைத்தன. பதினொரு பேர் அனுப்பியதில், மணமகனின் சித்தி முன்வரிசை நாற்காலியிலிருந்து எடுத்த ஒரு நிமிடக் காட்சியில் மூன்று முடிச்சும் கெட்டிமேளமும் முழுதாக இருந்தன. செல்போன் காட்சியின் வேகமும் நிறமும் கேமரா காட்சியோடு ஒத்துப்போகவில்லை. பொருத்திப் பார்த்தபோது இடம் மாறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம் என்று மணமகளே சொன்னாள். கேண்டிட் எடுத்த 14 விநாடி அதன்மேல் மௌனமாக வருகிறது.

சீர் ஊர்வலத்துக்கு இப்படிச் செல்போன் உதவவில்லை. ஊர்வலத்தில் வந்தவர்கள் கையில் தட்டு இருந்தது. வரவேற்றவர்கள் கையில் ஆரத்தி இருந்தது. இரண்டு சிறுவர்கள் எடுத்த காட்சிகளில் வெடிப்புகையே அதிகம் தெரிகிறது.

பணக் கணக்கை நேரில் உட்கார்ந்து பேசினோம். ஆல்பமும் கேண்டிட் படங்களும் நன்றாக இருந்தன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மீட்புக்கான 4,500 ரூபாயை ஸ்டுடியோ ஏற்றது; மீதி 20,000 ரூபாயில் 12,000 குறைக்கப்பட்டு, 8,000 கொடுத்தோம்; மூலப் பதிவு முழுவதையும் நாங்கள் வாங்கித் தந்த ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துத் தந்தார்; கார்டையும் எங்களிடமே விட்டுவிட்டார். இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ஆணையத்துக்குப் போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம் என்று மணமகனின் தந்தை இன்றும் சொல்கிறார். இருக்கலாம். மறைத்த 22 நாளுக்கு இந்தத் தொகையில் விலை வைக்கப்படவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் காட்சியும் மூலப் பதிவும் கைக்கு வந்த பிறகு, வழக்கை நடத்தும் மனநிலை அண்ணனுக்கு இல்லை.

இனி மாற்றிக்கொள்ளும் நடைமுறை

2025 வைகாசியில் என் தங்கை மகனுக்குத் திருமணம் வந்தபோது, மேற்கண்ட அனுபவத்தை வைத்து ஏற்பாட்டை மாற்றினோம். ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது முழு நீள வீடியோ ஒன்றின் முகூர்த்தப் பகுதியை அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தோம்; மந்திர ஒலியும் மேளமும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன, யார் முதுகாவது மறைத்தால் கேமராக்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தாலே ஆளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தாளில் வரப்போகும் ஆட்களின் பெயர்களையும், அவர்களில் பொறுப்பாளர் யார் என்பதையும் எழுதச் சொன்னோம். ஒரு ஸ்டுடியோ அதற்கு மறுத்தது, அங்கே கொடுக்கவில்லை.

நேரத்தைக் கடிகாரத்தால் எழுதாமல் நிகழ்ச்சியால் எழுதினோம்: "தாய்மாமன் சீர் தெருமுனைக்கு வருவதற்கு முன்பு முதல், பெண் வீட்டுக்கு அனுப்பி வைப்பது வரை." இதனால் கூலி சற்றுக் கூடியது, 7,000 ரூபாய் அதிகம் கொடுத்தோம். கூடவே ஒரு பக்கத்தில் சடங்குகளின் வரிசையும், ஒவ்வொன்றிலும் தவறவிடக்கூடாத உறவினர் பெயரும் எழுதி, என் மகனின் எண்ணையும் அதில் குறித்தோம்.

தொழில்நுட்பத்தில் கேட்டவை நான்கே. முகூர்த்தத்துக்கு டம்மி பேட்டரி வேண்டாம், உண்மையான பேட்டரி இருக்கட்டும், தாரை வார்த்தல் முடிந்ததும் ஒரு புதிய பேட்டரியைப் போட்டுவிடுங்கள் என்றோம். இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியச் சொன்னோம். சடங்குக்குச் சடங்கு பதிவை நிறுத்தித் தொடங்கச் சொன்னோம். எல்இடி திரைக்குப் போகும் காட்சியைத் தனியே ஒரு கருவியில் பதிந்துவைத்து, அதற்கு யுபிஎஸ் கொடுக்கச் சொன்னோம். இவற்றில் இரண்டு கார்டு பதிவு மட்டும், மின்தடையில் கோப்பு அறுவதைத் தடுக்காது. இரண்டிலும் ஒரே நேரத்தில் அறுந்துவிடும். அது கார்டு கெடுவதற்கான காப்பு மட்டுமே. எங்கள் நிகழ்வில் உண்மையில் தேவைப்பட்டது பேட்டரிதான்.

மண்டப மேலாளரிடம் ஒரு வேண்டுகோளும் வைத்தோம்: தாலி கட்டும் அரை மணி நேரமும் ஜெனரேட்டரிலேயே மண்டபம் ஓடட்டும், டீசல் காசு எங்களுடையது என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, முகூர்த்த வேளையில் இப்படிக் கேட்பவர்கள் ஏற்கெனவே நான்கைந்து பேர் உண்டு என்றார். அன்று மின்தடையே வரவில்லை.

மூலப் பதிவு தரும் நாளையும் தாளில் எழுதினோம். திருமணம் முடிந்த மூன்றாம் நாள், எடிட்டிங் எதுவும் செய்யாத நிலையில், எங்கள் ஹார்டு டிஸ்கில் நகல் தர வேண்டும். அதுவரை ஸ்டுடியோ கார்டுகளை அழிக்கக்கூடாது. இந்த ஒரு வரி இருந்திருந்தால், முதல் திருமணத்தில் 22 நாள் போயிருக்காது. தவணையையும் மாற்றினோம்: மூலப் பதிவு கிடைத்ததும் ஒரு பகுதி, முழு வீடியோவைப் பார்த்த பிறகு ஒரு பகுதி, ரொக்கமாகக் கொடுத்தால் அங்கேயே ரசீது.

சீர் ஊர்வலத்துக்குப் பரிகாரம் எதையும் எங்களால் செய்ய முடியவில்லை. தாய்மாமனுக்குத் தர எடுத்த பென் டிரைவில் மேடையில் தட்டு அடுக்கும் அந்த ஏழு நிமிடத்தை வைத்து, போட்டோக்காரர் தற்செயலாக வாசலில் எடுத்திருந்த ஒன்பது படங்களை அதன் முன்னே சேர்த்துக் கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டார்.